பூஜ்ஜிய ரூபாய்

முனிரத்னாவின் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க மும்பை.
ஷிப்ட் இடைவேளையில், டீ ஆறுவதற்குள்
வரி வரியாய்ச் சேர்த்தது.

கடலோரச் சுவரில் கால் தொங்கவிட்டு உட்கார: இலவசம்.
பாலத்தில் நின்று, ஊர்த்துணி மொத்தமும் துவைக்கும் துறையைப் பார்க்க: இலவசம்.
மின்சார ரயிலில் இந்த முனையிலிருந்து அந்த முனை: பத்தோ, பதினைந்தோ.
பெரிய வீட்டு வாசல்: வாட்ச்மேன் துரத்தும் வரை இலவசம்.
கீழே, சிவப்பு மையில்:
மூன்று பேர் படுக்க, ஓர் இரவு,
நாலாயிரத்து இருநூறு.

"பார்க்க எல்லாம் சும்மாதான்டி,
கண்ணை மூடத்தான் காசு" என்றாள்.

ஜூனில் ஓவர்டைமை நிறுத்தினார்கள்.
ஹார்லிக்ஸ் டப்பாவில் இருந்த மும்பை
முதலில் செலஸ்டினாவின் கடவாய்ப் பல்லுக்குப் போனது.
மீதி, என் தம்பியின் பாலிடெக்னிக்குக்கு.
டப்பாவில் இப்போது ஹேர்பின்.

ஒரு ஞாயிறு, மழை விட்ட காலை,
ஓசூர் மலைக்கோயில் படி ஏறினோம்.
செருப்பு வைக்க ஐந்து ரூபாய் கேட்டார்கள்;
பையில் போட்டுக்கொண்டோம்.
மேலிருந்து பார்த்தால் நீல நீலமாய்த் தகரக் கூரைகள்.
அதில் எங்களுடையது எது என்று
அரைமணி நேரம் சண்டை.
மூன்று வருடம் உள்ளே நின்றிருக்கிறோம்,
வெளியிலிருந்து அடையாளம் தெரியவில்லை.
சாமி கும்பிட மறந்து பாதிப் படி இறங்கி
திரும்ப ஏறினாள் முனிரத்னா.

டவுன் பஸ்.
"எங்கம்மா?"
"மும்பை, மூணு."
கண்டக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை:
"கெலவரப்பள்ளி வரைக்கும்தான் போவும்."
மூன்று சீட்டுகள் கிழித்தார். பூஜ்ஜியம் பூஜ்ஜியம் ரூபாய்.
பின் சீட்டில் ஒருத்தர் தன் மனைவிக்கும் அதே சீட்டு வாங்கி,
தனக்கு மட்டும் சில்லறை தேடி
வேட்டி மடிப்பெல்லாம் உதறிக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் ஒரு மசால்பூரி, மூன்று ஸ்பூன்.
அன்றைக்கு ஆன செலவு அவ்வளவுதான்.

பிறகு அணை.
மதகுக்குக் கீழே ஆறு இல்லை.
ஆற்றின் இடத்தில் வெள்ளை.
ஆள் உயரம், சில இடத்தில் அதற்கும் மேல்,
காற்று அடித்தால் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு
கொத்தமல்லித் தோட்டத்தின் மேல்
மெதுவாய்ப் போய் உட்கார்கிறது.
ஒரு குடும்பம் குழந்தையை அதன் முன் நிறுத்திப் படம் எடுத்தது.
"பாரு, கடல்!" என்று நான் கத்திவிட்டேன்.
பாலக்கோட்டுக்காரி. கடலை
போனில் மட்டும் பார்த்தவள்.

செலஸ்டினா மணப்பாடு.
அலை வந்து வாசற்படி கேட்கும் வீடு அவளுடையது.
சுவரோரம் போனாள், குனிந்தாள், மூச்சை இழுத்தாள்.
திரும்பி எங்களைப் பார்த்தாள்.
"கடல்ல இப்படி வராது.
இது நம்ம வாஷிங் செக்ஷன்."

யாரும் பேசவில்லை கொஞ்ச நேரம்.
முனிரத்னா மட்டும் மூக்கைச் சுளித்து,
"பின்ன? வாரம் ஆறு நாள் பார்க்கிறதையா
லீவு நாள்ல பஸ் ஏறி வந்து பார்த்தோம்?"
என்றாள்.
சிரிப்பு முதலில் எனக்குத்தான் வந்தது.
அடக்க முடியவில்லை. காவலுக்கு இருந்தவர்
"தொடாதீங்கம்மா, அரிக்கும்" என்று தள்ளி நிற்கச் சொல்லும்போதும்
சிரித்துக்கொண்டேதான் இருந்தோம்.

ராத்திரி ஹாஸ்டலில்
மூன்று பூஜ்ஜியச் சீட்டையும் நோட்டில் ஒட்டினாள்,
நாலாயிரத்து இருநூறுக்கு நேர் கீழே.
கழித்துப் பார்த்தாள்.
இன்னும் நாலாயிரத்து இருநூறு.

காலை ஐந்தரை ஷிப்டுக்குக் கிளம்பும்போது
என் செருப்பில் வெள்ளையாய் ஒரு வளையம்,
காய்ந்து, பொருக்காய்,
உப்பு மாதிரியே.
விரல் நுனியில் எடுத்தேன்.
நாக்கு வரை கொண்டுபோய்
வேண்டாம் என்று
குழாயைத் திறந்தேன்.